தண்ணின்னு நினைச்சுதான் குடிச்சேன்

சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். சம்பந்தி ஆகப்போகிறவரை நல்ல ஓட்டலுக்கு அழைத்துப்போய், வாயை அதிகம் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும்.

வாயைப் பற்றிய அந்த நிபந்தனை என் மனைவி எஸ்தர் சேர்த்தது.

சம்பந்தியின் பெயர் ஜெபராஜ். பாளையங்கோட்டைக்காரர். டெக்சஸில், ரிச்சர்ட்சன் பக்கம், ஒரு தமிழ்ச் சபையில் மூப்பர். குடியின் தீமை பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர். எங்கள் பிளெய்ன்ஸ்பரோவுக்கு மனைவியுடன் பெண் பார்க்க வந்திருந்தார். என் மகள் ஷீபாவும் இங்கேயே வேலை பார்க்கும் அவர் மகன் டேனியும் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள். முடிவு செய்யப்போவது நாங்கள்தான் என்று பெரியவர்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

போனிலேயே ஜெபராஜ் சொல்லிவிட்டார்.

“வரதட்சணைப் பேச்சே கிடையாது பிரதர். நகை உங்க இஷ்டம். பொண்ணு குடும்பத்துல குடி மட்டும் இருக்கப்படாது. அதுல நான் கறார்.”

எங்கள் வீட்டில் எவரும் அதைத் தொட்டதில்லை என்றேன். சத்தியமான பேச்சு. அன்றும் நான் தொடவில்லை. உதடுகூடப் படவில்லை. பிரச்சினையே அதுதான்.

ஓட்டலைத் தேர்ந்தெடுத்தது நான். மான்ஹாட்டன் எல்லாம் டூரிஸ்டுகளுக்கு, நாம் அசல் இடத்துக்குப் போவோம் என்று நெட்டில் தேடினேன். ஒரு ஜப்பானிய ஸ்டேக் ஹவுஸ் கிடைத்தது. ‘பாரம்பரியமானது, டூரிஸ்டுகள் வராத இடம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். டிரை கிளீனருக்கும் வரி ஃபைல் பண்ணும் கடைக்கும் நடுவே இருக்கிற இடத்துக்கு டூரிஸ்ட் எதற்கு வரப்போகிறான் என்று எனக்குத் தோன்றவில்லை.

டேனி மட்டும் வேறு எங்காவது போகலாமே அங்கிள் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எனக்குச் செலவு வைக்கக் கூடாதென்று பார்க்கிறான், தங்கமான பையன் என்று எஸ்தரிடம் சொன்னேன்.

உள்ளே போனோம். பெரிய இரும்புக் கல்லைச் சுற்றி நாற்காலிகள். நம் ஊர்ப் பரோட்டாக் கல்லைப் போலப் பல மடங்கு. நமக்கு எதிரேயே நின்று சமைத்துத் தட்டில் போடுவார்கள். உயரமான சிவப்புத் தொப்பியுடன் செஃப் வந்து குனிந்து வணங்கினார். நானும் குனிந்து வணங்கி, ஜப்பானில் எந்த ஊர் என்று விசாரித்தேன். டிரென்டன் என்றார். காரில் போனால் பக்கத்து ஊர்.

செஃப் டேனியை எங்கோ பார்த்த மாதிரி பார்த்தார். டேனி மெனு கார்டை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு படித்தான். எதையும் ஊன்றிப் படிக்கிற பிள்ளை என்று ஜெபராஜுக்குப் பெருமை.

சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் பண்ணுவோம் என்றார் ஜெபராஜ். கண்ணை மூடினோம். ஜெபம் எகிப்தைத் தாண்டி வனாந்தரத்துக்குள் நுழைந்த நேரத்தில் செஃப் கல்லில் எண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தார். குப்பென்று கூரைவரை தீ. ஜெபராஜ் அங்கேயே ஆமென் சொல்லி முடித்துக்கொண்டார்.

பிறகு வித்தைகள். முட்டையைக் கரண்டியில் சுழற்றினார். வெங்காய வளையங்களை அடுக்கி எரிமலை கக்க வைத்தார். கடைசியில் ஒரு ப்ராக்கோலித் துண்டைக் கரண்டியில் வைத்து, வாயைத் திற என்று எனக்குச் சைகை காட்டினார்.

எஸ்தர் என் தொடையைக் கிள்ளினாள். “அப்பா, டோன்ட்,” என்றாள் ஷீபா.

திறந்தேன். ப்ராக்கோலி பறந்து வந்து, நாக்கில் நிற்காமல் நேரே தொண்டைக்குப் போய் உட்கார்ந்தது. புரை ஏறிவிட்டது. கண்ணில் தண்ணீர். பேச்சு வரவில்லை. எஸ்தர் உச்சந்தலையில் தட்டினாள். கிள்ளியது போதாதென்று நினைத்தாளோ என்னவோ, பலமாகவே தட்டினாள்.

தண்ணீர் வேண்டும். வாய்தான் பேசவில்லையே, கை பேசட்டும் என்று, விரல்களை மடக்கி, கட்டைவிரலை வாய்க்கு நேராக நீட்டி, தலையைச் சாய்த்துக் காட்டினேன். நம் ஊரில் இந்தச் சைகைக்கு இரண்டு அர்த்தம். டிரென்டனில் ஒன்றுதான் போலிருக்கிறது.

செஃப் முகம் மலர்ந்து, கல்லுக்கு அடியிலிருந்து கூர்மூக்கு வைத்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை எடுத்தார். உள்ளே பளிங்கு போலத் தெளிவாக இருந்தது. என் வாயை நோக்கிப் பீய்ச்சினார்.

எச்சில் படாமல் அண்ணாந்து குடித்தே வளர்ந்தவன் நான். சொம்பானாலும் பாட்டிலானாலும் என் உதட்டுக்குத் தெரியாது. மடக்கென்று விழுங்காமல், தொண்டையைத் திறந்துவைத்து அப்படியே இறக்குவேன். அன்றும் இறக்கினேன். அக்கம்பக்கத்து மேசைகளில் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார்கள். ஜப்பானிய உபசாரம் என்று நினைத்தேன். செஃப் பாட்டிலைத் தூரத் தூரக் கொண்டுபோனார். நான் விடவில்லை. பாட்டில்தான் காலியானது.

கூடமே எழுந்து நின்று கைதட்டியது. நாக்குக்கு அப்போதுதான் தகவல் வந்தது. கசப்பாக ஒரு சூடு. அரிசியில் காய்ச்சிய சரக்கு, சாக்கே என்பார்களாம்.

ஜெபராஜ் முள்கரண்டியைக் கீழே வைத்தார். “குடிச்சுப் பழக்கம் உண்டுமோ பிரதர்?”

பதறிப்போய் உண்மையைச் சொன்னேன். “ஐயோ, தண்ணின்னு நினைச்சுதான் குடிச்சேன்.”

“அது தெரியுது.”

“இல்ல பிரதர், நான் சொல்றது நிஜத் தண்ணி. பச்சத் தண்ணி.”

“பச்சத் தண்ணிக்கு யாரு கை தட்டுவா?”

அவர் மனைவி கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். ஷீபா என்னைப் பார்க்கவே இல்லை. அவள் கண் கலங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் காகிதக் கிரீடத்தோடு வந்து என் தலையில் வைத்து, படம் எடுத்துக்கொண்டார். நான் பழைய சாதனையை முறியடித்துவிட்டேனாம். படத்தைப் பிரேம் போட்டு மாட்டுவார்களாம். மாட்ட வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டே அவர் பின்னால் போனேன். கை கழுவ எழுந்த ஜெபராஜும் பின்னாலேயே வந்தார்.

வாஷ்ரூமுக்குப் போகும் வழியில் சுவர். சுவரில் பழைய சாதனையாளரின் படம். அதே கிரீடம். அண்ணாந்த வாய். இரண்டு கைகளும் மேலே. ஆராதனையில் உயர்த்துகிற மாதிரியே இருந்தது. கீழே, டேனி என்று பெரிய ஆங்கில எழுத்தில் போட்டிருந்தார்கள்.

ஜெபராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். படம் மாறவில்லை.

“நம்ம டேனி மாதிரி இருக்குல்லா?”

“மாதிரிதான் இருக்கு,” என்றேன்.

பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு, தாழ்ந்த குரலில், “இவனும் தண்ணின்னு நினைச்சிருப்பானோ?”

“சந்தேகமே வேண்டாம் பிரதர். தண்ணின்னு நினைச்சுதான்.”

மேசைக்குத் திரும்பியதும், ஈஸ்டர் முடிந்த கையோடு கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார். கிரீடத்தோடு நானும் தலையாட்டினேன். டேனி முதல் தடவையாக மெனு கார்டைக் கீழே வைத்தான். வீட்டுக்கு வண்டியை எஸ்தர் ஓட்டினாள்.

இப்போது அந்தச் சுவரில் என் படம் மேலே, மாப்பிள்ளை படம் கீழே. மாமனார் என்ற மரியாதை எனக்கு முதலில் கிடைத்தது அங்கேதான்.