ஊறப்போட்டுப் பார்க்கிறவர்

தொழிற்சாலைகளில் கூட்டம் போடுகிறவர், கூட்டத்தில் தூங்குகிறவர், தூங்கியவரிடம் கருத்துக் கேட்கிறவர் என்று பல இனங்கள் உண்டு. அவர்களைப் பற்றிப் போதுமான அளவு சிரித்தாகிவிட்டது. யாரும் அதிகம் கண்டுகொள்ளாத ஓர் இனத்தை இன்று உங்கள் முன் நிறுத்துகிறேன். இவர்தான் ஊறப்போட்டுப் பார்க்கிறவர்.

எந்த ரசாயனத்துக்கு எந்தப் பிளாஸ்டிக் தாங்கும் என்று தீர்மானிப்பது இவருடைய வேலை. தொட்டிக்கு மூடியோ, குழாய்க்கு வளையமோ, பம்புக்கு உறையோ, இவர் கையெழுத்தில்லாமல் ஒரு துண்டும் வாசலைத் தாண்டாது. இவருடைய அறைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஜன்னல் ஓரம் நெடுக ஜாடிகள். அமிலத்தில் ஒரு துண்டு, காரத்தில் ஒரு துண்டு, தின்னரில் ஒரு துண்டு, தொழிற்சாலையில் யாருமே பயன்படுத்தாத ஏதோ ஒரு மஞ்சள் திரவத்தில் மூன்று துண்டு. ஜாடிக்கு ஒரு சீட்டு, சீட்டுக்கு ஒரு தேதி. ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். ஜாடிகளுக்காகத்தான்.

காலை பத்து மணி அடித்தால் கையுறை மாட்டி, இடுக்கியால் துண்டை எடுத்து, துடைத்து, தராசில் வைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, மறு கண்ணையும் மூடிப் பார்த்து, நகத்தால் சுரண்டி, பிள்ளை பாஸான செய்தியைத் தெருவுக்கே சொல்லும் அப்பாவின் குரலில் அறிவிப்பார்: "ஒண்ணும் ஆகல!"

அவ்வளவுதான். தீர்ப்பு எழுதியாகிவிட்டது. பிளாஸ்டிக் விற்க வந்தவர் தாங்குதிறன் அட்டவணையை நீட்டினால் நம்மவருக்குச் சிரிப்பு வரும். "அதெல்லாம் பேப்பரு தம்பி. நான் கண்ணால பாக்குற ஆளு."

வீட்டிலும் இதே கதைதான். மகள் ஒரு பையனை அழைத்து வந்து, இவரைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். நம்மவர் அவனைச் சோபாவில் உட்காரவைத்து, டீ கொடுத்து, இரண்டு மணி நேரம் கவனித்தார். போனபிறகு மனைவியிடம், "தங்கமான பையன். முகத்துல ஒரு சுளிப்பு இல்ல" என்றார்.

"சோபாவுல சாஞ்சு டீ குடிக்கிறப்போ யாருங்க முகத்தைச் சுளிப்பா?" என்றார் மனைவி. "நம்ம பீரோவை மூணு மாடி தூக்கச் சொல்லுங்க, அப்ப பாப்போம்."

நம்மவர் காதில் அது விழவில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் கழுவும் பிரிவிலிருந்து ஒரு வேலை வந்தது. எண்ணெய்ப் பிசுக்கேறிய உதிரிப் பாகங்களைச் சூடான காரக் கரைசலில் கழுவுகிற தொட்டி அது. பக்கவாட்டில் ஒரு கண்ணாடி ஜன்னல். அதன் வழியாகக் கரைசலின் மட்டத்தைப் பார்ப்பது அங்கே பதினைந்து வருடமாக வேலை செய்யும் ஒரு பெண்மணியின் பொறுப்பு. எல்லோருக்கும் அவர் அக்கா. அரைமணிக்கொரு தரம் ஜன்னலுக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணாடி அடிக்கடி உடைகிறது, பிளாஸ்டிக் போட்டுத் தாருங்கள் என்றுதான் கேட்டிருந்தார்கள்.

நம்மவர் பாலிகார்பனேட் என்கிற, கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்தார். தொட்டியிலிருந்தே கரைசல் எடுத்து, அந்தப் பிளாஸ்டிக்கில் ஒரு பட்டையை வெட்டி ஊறப்போட்டார். நாற்பது நாள். ஒண்ணும் ஆகல. அக்காவை அழைத்து ஜாடியைக் காட்டினார்.

அக்கா ஜாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "சார், இது இங்க ஏசியில சும்மா கெடக்கு. அங்க பன்னெண்டு போல்ட்டு போட்டு இறுக்கிருவோம். சூடு வேற. இறுக்கி வச்சு ஊறப்போட்டுப் பாருங்களேன்."

"நாப்பது நாள்மா!"

"நானூறு நாள் ஆனாலும் சும்மாதான சார் கெடக்கு?"

நம்மவர் பெருந்தன்மையாகச் சிரித்தார். கையெழுத்துப் போட்டார். ஜன்னல் தொட்டியில் ஏறியது.

அக்கா தான் உட்கார்ந்து பார்க்கும் ஸ்டூலை ஜன்னலுக்கு நேரிலிருந்து ஓரமாக நகர்த்திக்கொண்டார். முகத்துக்கு மறைப்பு மாட்டாமல் எட்டிப் பார்ப்பதை நிறுத்தினார். ஆறாம் நாள் காலை, போல்ட் துளைகளைச் சுற்றி மயிரிழை போல் கோடுகள் ஓடியிருப்பதைக் கண்டார். ஓடிப்போய்ப் பம்பை அணைத்து, எல்லோரையும் விலகச் சொல்லி, தொட்டியை வடியவிட்டார். பாதி வடிவதற்குள் 'டப்' என்று ஜன்னல் இரண்டாகப் பிளந்தது. மிச்சமிருந்த கரைசல் பாய்ந்த இடம், ஸ்டூல் முன்பு இருந்த அதே இடம். 

செய்தி கேட்டு நம்மவர் ஓடிவந்தார். வெறுங்கையோடா வருவார்? ஜாடியோடு வந்தார். "இங்க பாருங்க! ஒண்ணும் ஆகல! ஜன்னலை மாட்டுனவங்கதான் ஏதோ தப்பு பண்ணியிருக்காங்க!"

அக்கா அவர் சட்டைப்பையில் செருகியிருந்த இடுக்கியை வாங்கிப் பட்டையை வெளியே எடுத்தார். அதை வில்லாக வளைத்து, இரண்டு முனையையும் கம்பியால் கட்டி, மறுபடி ஜாடியில் போட்டு, ஜாடியைச் சூடான குழாய்ப் பக்கத்தில் வைத்தார்.

"இப்ப ஊறட்டும் சார்."

மறுநாள் பத்து மணிக்கு நம்மவர் கையுறை மாட்டி வந்து பார்த்தார். ஜாடியில் ஒரு பட்டைக்குப் பதிலாக இரண்டு கிடந்தன. ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மறு கண்ணையும் மூடிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, சீட்டில் தேதிக்குக் கீழே கவனமாக எழுதினார்: 'வேலை கொடுக்காதவரை மிக உறுதியானது.'

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மழையில்லாத மாதத்தில் வீட்டைப் பார்த்துவிட்டு "ஒரு சொட்டு ஒழுகல" என்று குடியேறியது யார்? "இருபது வருஷ நட்பு, ஒரு மனஸ்தாபம் கிடையாது" என்கிறீர்களே, அந்த நண்பரிடம் இருபது வருடத்தில் ஓர் உதவியாவது கேட்டதுண்டா? போகட்டும். "எனக்குக் கோபமே வராதுங்க" என்று போன வாரம் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். விடுமுறை நாள், வயிறு நிறைந்திருந்தது, மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, வீட்டில் வேறு யாருமில்லை. அவர் நீங்கள்தானே?

நம்புகிறேன். பன்னிரண்டு போல்ட்டையும் இறுக்கியபிறகு இன்னொரு தரம் சொல்லுங்கள். நான் ஸ்டூலைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்திக்கொண்டு கேட்கிறேன்.