நான் மாப்பிள்ளை வேட்பாளரான கதை

இருபத்துநாலு வயதுக்காரனின் கையில் கொடுக்கக்கூடாத பொருட்கள் இரண்டு. ஒன்று ஒலிவாங்கி. மற்றது பதவி. எனக்கு இரண்டையும் ஒரே ஆண்டில் கொடுத்துவிட்டார்கள்.

லண்டனின் ஓரத்தில் ஒரு வட்டாரத்துக்கு நான் கவுன்சிலர். எப்படி வென்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வட்டாரத்தில் எங்கள் கட்சி தோற்பது நிச்சயம் என்பதால் நிற்பதற்கு யாரும் முன்வரவில்லை. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே வீடு வீடாகத் துண்டுப் பிரசுரம் போட்டுக்கொண்டிருந்த என்னைக் கேட்டார்கள். (அந்தத் தெரு நாய்கள் எல்லாவற்றுக்கும் என் விரல்களின் ருசி தெரியும்.) நான் சரி என்றேன். வெல்ல வேண்டிய ஆள் கடைசி நேரத்தில் தன் கட்சியோடு சண்டை பிடித்துக்கொண்டு தனியாக நின்றார். வாக்கு இரண்டாகப் பிரிந்தது. யானைகள் இரண்டும் மோதிக்கொண்டிருந்த இடைவெளியால் ஆட்டுக்குட்டி உள்ளே போய்விட்டது. ஆட்டுக்குட்டியோ அன்றிலிருந்து தன் பேச்சு வன்மையால்தான் வென்றதாக நம்பத் தொடங்கியது.

பதவிக்கு வந்தபின் என்னுடைய மாபெரும் சாதனை, ஒரு பேருந்துத் தரிப்பிடத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தது. மழை நேராகப் பெய்தால் நனையாமல் நிற்கலாம். லண்டனில் மழை நேராகப் பெய்வதில்லை. ஆனாலும் ஒரு தமிழ்ப் பத்திரிகை என் படத்தைப் போட்டு, 'பிரித்தானிய அரசியலில் உதிக்கும் தமிழ்ச் சூரியன்' என்று எழுதியது. அம்மா அதை வெட்டிக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு எங்கள் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டினார். சாமி படத்துக்குப் பக்கத்தில். அதற்குப் பிறகு ஒருவனுக்குத் தலை கனக்காமல் என்ன செய்யும்?

இந்த நிலையில்தான் மொன்றியலில் இருந்த ஒரு தமிழ்ச் சங்கம் தன் ஆண்டு விழாவுக்கு என்னைப் பிரதம விருந்தினராக அழைத்தது. அடுத்த பொதுத் தேர்தலில் பாராளுமன்றத்துக்கு நிற்க எனக்கு ஒரு ரகசிய ஆசை. கடல் கடந்த மண்டபமொன்றில் மாலையோடு நிற்கும் படம் ஒன்று இருந்தால் கட்சிப் பெரியவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். சங்கச் செயலாளர் தொலைபேசியில், "எயார்ப்போட்டுக்கு எங்கட ஆக்கள் வருவினம், நீங்கள் யோசிக்காதேங்கோ," என்றார். நான் யோசிக்கவில்லை. பிரச்சினையே அதுதான்.

மொன்றியல் விமான நிலையத்தின் வெளிவாசலில் கோட்டுப் போட்ட ஒரு பெரியவரும், பட்டுச் சேலைக்கு மேலே குளிர்ச்சட்டை போட்ட அவர் மனைவியும் பூங்கொத்தோடு நின்றார்கள்.

"தம்பி, செந்தூரனோ?"

"ஓம்."

"லண்டன்? கவுன்சிலில?"

"ஓம் அங்கிள். கவுன்சில்தான்."

அம்மையார் என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்துவிட்டுக் கணவரிடம் மெதுவாக, "படத்தில இருந்ததை விட உயரம்," என்றார். பத்திரிகைப் படத்தைச் சொல்கிறார் என்று எனக்குப் பெருமை.

(நான் பிறந்த காலத்தில் யாழ்ப்பாணத்தார் தங்கள் ஆண்பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் செந்தூரன் என்றுதான் பெயர் வைத்தார்கள். மீதிப் பேருக்குத் தாடி வைத்தால் அவர்களும் என்னைப் போலவே இருப்பார்கள். இது எனக்கு அப்போது தோன்றியிருக்க வேண்டும்.)

பெரியவரின் பெயர் சிவபாதம். "முதல்ல வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவம். பேந்து ஆறுதலாக் கதைப்பம்," என்றபடி காரை எடுத்தார். விழா பின்னேரம்தானே, தமிழர் எந்தக் காரியத்தையும் சாப்பாட்டில்தானே தொடங்குவார்கள் என்று நானும் பேசாமல் இருந்தேன். ரோமிங் கட்டணத்துக்குப் பயந்து தொலைபேசியை லண்டனிலேயே நிறுத்தி வைத்திருந்தேன். தமிழ்ச் சூரியனுக்கும் பட்ஜெட் உண்டு.

அவர்களின் வீடு ரொக்ஸ்பரோவில், ரயில் நிலையத்துக்குக் கிட்ட இருந்தது. வாசலில் கோலம். உள்ளே மேசை நிறைய ரோல்ஸ், வடை, கேசரி. சங்கம் வசதியான சங்கம்போல என்று நினைத்துக்கொண்டேன். சோபாவில் என்னை நடுவில் இருத்திவிட்டு அங்கிள் எதிரே அமர்ந்தார். பத்திரிகைக்காரர்கூட என்னை அவ்வளவு அக்கறையாகக் கேள்வி கேட்டதில்லை.

"தம்பி, வேலை நிரந்தரமோ?"

"அது சனத்தின்ர கையில அங்கிள். நாலு வருசத்துக்கு ஒருக்கா அவையள் முடிவெடுப்பினம்."

அங்கிள் மனைவியைப் பார்த்தார். "கொன்ட்ராக்ட் போல," என்றார் அன்ரி.

"சம்பளம்?"

"சம்பளம் எண்டு ஒண்டும் இல்லை. சின்னக் கொடுப்பனவு ஒண்டு தருவினம். நான் இதைச் சேவையாத்தான் செய்யிறன்."

அங்கிள் கையிலிருந்த வடையைத் திரும்பத் தட்டில் வைத்தார். அரசியல்வாதியின் வருமானத்தைப் பொதுமக்கள் தோண்டித் துருவுவது ஜனநாயகத்துக்கு நல்லது என்பது என் கொள்கை. ஆகவே அப்பாவின் கடை, கடைக்கு மேலே நாங்கள் குடியிருந்த வீடு, என் பழைய கார் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அங்கிள் கடைசியாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"அப்ப, எங்களிட்ட என்ன எதிர்பார்க்கிறியள்? மனம் விட்டுச் சொல்லலாம்."

தேர்தல் நன்கொடை பற்றிக் கேட்கிறார் என்று விளங்கியது. நெஞ்சில் கை வைத்தேன். "அங்கிள், நான் ஆரிட்டையும் ஒரு சதமும் வாங்கிறதில்லை. வாங்கினா பேந்து அவையளுக்குக் கட்டுப்பட வேணும். உங்கட ஆதரவு மட்டும் காணும்."

அன்ரியின் கண்கள் கலங்கிவிட்டன. "இந்தக் காலத்தில இப்பிடி ஒரு பிள்ளை," என்றார். சம்பளம் இல்லாத குறை அந்த ஒரு வசனத்தில் அடிபட்டுப் போயிற்று. எனக்கு இன்னும் இரண்டு ரோல்ஸ் கிடைத்தன.

அப்போதுதான் அவர்களின் மகள் ஆரணி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். சென்ட் லோரன்ட் பக்கத்தில் ஒரு மருந்துக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் வேலை என்று அன்ரி அறிமுகப்படுத்தினார். "நீங்கள் ரெண்டு பேரும் பின்னால டெக்கில போய் இருந்து கதையுங்கோவன்."

பின்வளவு மரத் திண்ணையில் உட்கார்ந்ததும், இளையோர் சார்பில் பேட்டி எடுக்க வந்திருக்கிறாள் என்று நான் முடிவு கட்டினேன். கையில் தாளும் இல்லை, பேனாவும் இல்லை. நல்ல ஞாபகசக்தி போலும்.

"உங்களைப் பற்றி நீங்களே சொல்லுங்கோ," என்றாள் அவள்.

இதைவிட ஒரு அரசியல்வாதிக்கு என்ன வேண்டும்? பிறந்தது முதல் பேருந்துத் தரிப்பிடம் வரை சொன்னேன். நாய்க்கடியை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கினேன். அவள் இரண்டு தரம் கொட்டாவி விட்டாள். விமானத்தில் வந்தவன் நான், கொட்டாவி விட்டது அவள்.

"கலியாணத்துக்குப் பிறகு பொம்பிளையள் வேலைக்குப் போறதைப் பற்றி என்ன நினைக்கிறியள்?"

"கட்டாயம் போக வேணும். அதுக்குப் பிள்ளை பாக்கிற செலவைக் குறைக்க வேணும். உங்கட கார்டரி எண்ட பிள்ளைக் காப்பகங்கள் மாதிரி லண்டனிலயும் மலிவா வர வேணும். அதுக்காக நான் கடைசி வரைக்கும் நிப்பன்."

முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பரவாயில்லை," என்றாள். "அப்ப பிள்ளையளைப் பற்றி?"

எங்கள் வட்டாரத்தில் அப்போது பெரிய பிரச்சினை பள்ளிக்கூடம்தான். பிள்ளைகள் குறைந்துபோய் வகுப்புகளை மூடிக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைத்த உற்சாகத்தில் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன்.

"பிள்ளையள் காணாது. இன்னும் வேணும்."

"எத்தினை?"

"ஆகக் குறைஞ்சது முப்பது. முப்பதுக்குக் கீழ போனா நடத்தேலாது."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "முப்பதோ?"

"ஏன், ஒரு ஆள் சமாளிக்கலாம். தேவையெண்டா உதவிக்கு ஒராளை வைச்சுத் தருவம்."

ஆரணி எழுந்து உள்ளே பார்த்து, "அம்மா," என்று மிக அமைதியாகக் கூப்பிட்டாள்.

குசினிக்குள் தாயும் மகளும் ஏதோ குசுகுசுத்தார்கள். அன்ரி சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். "பகிடிக்காரத் தம்பிபோல," என்றார். நானும் சிரித்து வைத்தேன். வாக்காளர் சிரித்தால் நாமும் சிரிக்க வேண்டும் என்பது தொழிலின் அரிச்சுவடி.

இந்த அன்பை உலகுக்கு அறிவிக்காமல் விடலாமா? வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லை வாங்கித் தொலைபேசியை உயிர்ப்பித்தேன். அங்கிள், அன்ரி, ஆரணி எல்லாரையும் சேர்த்து ஒரு செல்ஃபி. ஆரணி கடவுச்சீட்டுப் படத்துக்கு நிற்பதுபோல நின்றாள். 'மொன்றியல் உறவுகளின் அன்பில் நனைந்தேன். புதிய பயணம் தொடங்குகிறது,' என்று எழுதி முகநூலில் போட்டேன்.

போட்ட கையோடு செய்திகள் கொட்டத் தொடங்கின. முதலாவது அம்மாவுடையது. 'ஆரடா அந்தப் பிள்ளை? நல்ல வடிவு. எங்களுக்கு ஏன் சொல்லேல்லை?'

இரண்டாவது வட்டாரத்துத் தமிழ் அன்ரி ஒருவரின் வாழ்த்து. மூன்றாவது கட்சிச் செயலாளரின் வாழ்த்து. நாலாவது, மொன்றியல் சங்கம் என் பெயரை இணைத்து முகநூலில் போட்டிருந்தது. ஒரு படம். மேடை, குத்துவிளக்கு, என் பெயர் எழுதிய பதாகை. பதாகைக்குக் கீழே கழுத்து நிறைய மாலையோடு, முன்பின் நான் பார்த்திராத ஒரு தாடிக்காரன் விழித்துக்கொண்டு நின்றான். 'பிரதம விருந்தினர் தனக்குப் பேசத் தெரியாது என்று அடம்பிடிக்கிறார். எவ்வளவு தன்னடக்கம்,' என்று கீழே எழுதியிருந்தது.

நான் மெல்லத் தலையைத் தூக்கினேன். "அங்கிள், விழா எத்தினை மணிக்கு?"

"என்ன விழா?"

"சங்கத்தின்ர ஆண்டு விழா. நான் பிரதம விருந்தினர்."

அங்கிள் என்னைப் பார்த்தார். நான் படத்தைக் காட்டினேன். அவர் மாப்பிள்ளை வீட்டார் அனுப்பியிருந்த ஒரு பட்டமளிப்புப் படத்தை லாச்சியிலிருந்து எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். அதே தாடி. அந்தச் செந்தூரன் லண்டனில் வேறொரு கவுன்சிலில் வீதிப் பொறியியலாளர். என்னோடு ஒரே விமானத்தில் பொம்பிளை பார்க்க வந்தவர். சங்கத்தார் அவரைக் கொண்டு போய்விட்டார்கள்.

அன்ரிதான் முதலில் கேட்டார். "அப்ப, நீங்கள் ஆர் தம்பி?"

என் அரசியல் வாழ்க்கையில் எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பேர் என்னை மடக்கப் பார்த்திருக்கிறார்கள். இவ்வளவு சுலபமாக மடக்கியவர் அன்ரி ஒருவர்தான்.

அங்கிள் காரை எடுத்தார். அன்ரி முன்னால், நானும் ஆரணியும் பின்னால். நெடுஞ்சாலையில் வழக்கம்போல வீதி திருத்த வேலை நடந்துகொண்டிருந்தது. செம்மஞ்சள் கூம்புகளுக்கு நடுவில் கார் ஊர்ந்தது. திடீரென்று ஆரணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கத் தொடங்கினாள். அழுகிறாள் என்று பதறிப்போய், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றேன்.

"உதவிக்கு ஒராள்," என்றாள் அவள். கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மண்டபத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது அந்தச் செந்தூரனை ஒருவழியாக ஒலிவாங்கிக்கு முன்னால் தள்ளிவிட்டிருந்தார்கள். பாவம் மனுசன் வியர்த்துக்கொட்டியபடி உண்மையைச் சொன்னார்.

"நான் இஞ்ச ஒரு பொம்பிளையைப் பாக்கத்தான் வந்தனான். அவவுக்கு இவ்வளவு சொந்தக்காரர் இருக்கினம் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. அப்படி ஒரு கைதட்டலை நான் என் வாழ்நாளில் வாங்கியதில்லை. சங்கத் தலைவர் எழுந்து, அவர் பொம்பிளை என்று உருவகமாகச் சொன்னது தமிழன்னையைத்தான் என்று விளங்கப்படுத்தினார். நான் மேடைக்கு ஓடிப்போய்த் தலைவரின் காதில் விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்சம் தடுமாறி, வேறு வழி தெரியாமல், அந்தச் செந்தூரனின் கழுத்து மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டார்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "மாலை மாத்தியாச்சு. தாலியையும் கட்டிவிடுங்கோ."

அதற்குப் பிறகு நான் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை. நான் உரையைத் தொடங்கும்போது சிவபாதம் அங்கிள் அசல் மாப்பிள்ளையைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவது தெரிந்தது. இந்த முறை பெயர், ஊர், தகப்பன் பெயர் எல்லாம் கேட்டுத்தான் கூட்டிப்போனாராம்.

திரும்ப லண்டன் போகுமுன் மரியாதைக்காக அவர்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆரணிதான் எடுத்தாள்.

"நான்தான் உங்களுக்கு நன்றி சொல்ல வேணும்," என்றாள். "இந்தக் கலியாணப் பேச்சில எனக்கு விருப்பமே இருக்கேல்லை. ஆர் வந்தாலும் வேண்டாம் எண்டு சொல்லுறதெண்டுதான் இருந்தனான். பேந்து அவர் வந்தார். பிள்ளையள் எத்தினை எண்டு கேட்டன். ரெண்டு எண்டார். உங்களோட கதைச்ச பிறகு அந்த ரெண்டைக் கேக்க எவ்வளவு நிம்மதியா இருந்தது தெரியுமோ?"

அவர்களுக்குக் கலியாணம் நடந்தது. எனக்கு முதல் அழைப்பிதழ்.

லண்டனில் நிலைமை வேறு. முகநூல் படத்தை அழித்துவிட்டேன். ஆனால் எங்கள் வட்டாரத்துத் தமிழ் அம்மாமார் பார்த்ததை அழிக்க முடியுமா? அடுத்த தேர்தலுக்கு வாக்குக் கேட்டுப் போன வீடெல்லாம் கொள்கையைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. "தம்பி, மொன்றியலில பாத்த பொம்பிளை சரிவரேல்லையோ?" என்று கேட்டார்கள். சரிவரவில்லை என்றேன். இருத்தித் தேத்தண்ணி தந்தார்கள். அந்தமுறை தமிழ் வாக்கு மொத்தமும் எனக்குத்தான் விழுந்தது. பொம்பிளை கிடைக்காத பாவப்பட்ட பெடியன் தேர்தலிலாவது வெல்லட்டும் என்று போட்டார்களாம். அதற்கடுத்த தேர்தலுக்குள் நான் கலியாணம் முடித்துவிட்டேன். தோற்றுப்போனேன்.

இப்போது ஒரு வீடமைப்பு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மொன்றியல் போனால் ரொக்ஸ்பரோவில்தான் தங்குவோம். சிவபாதம் அங்கிள் என்னை விருந்தாளிகளுக்கு 'முதலாம் செந்தூரன்' என்றும் மருமகனை 'இரண்டாம் செந்தூரன்' என்றும் ராஜ பரம்பரை போல அறிமுகப்படுத்துவார். நாங்கள் இருவரும் எழுந்து தலை குனிவோம்.

போன கோடையில் ஆரணியின் மகள் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு டெக்கில் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் யார் என்று அந்தப் பிள்ளை பிரெஞ்சில் கேட்டது. ஆரணியின் மகள் நீளமாக ஏதோ பதில் சொன்னாள்.

"என்னம்மா சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"இது அம்மா பாத்திட்டு வேண்டாம் எண்டு விட்ட மாமா எண்டு சொன்னனான்."

பக்கத்து வீட்டுப் பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்தது. பிறகு கிட்ட வந்து, தான் சூப்பிக்கொண்டிருந்த ஐஸ்பழத்தை ஒரு கடி கடிக்கச் சொல்லி நீட்டியது. கதிரையில் இருந்த என் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நான் கடித்தேன்.