மானேஜரை ஆற்றோடு அனுப்பிய ஞாயிற்றுக்கிழமை

நீந்தத் தெரியாதவன் ஆற்றங்கரையில் நிலம் வாங்கக் கூடாது. ஆசை விடவில்லை என்றால், நீந்தத் தெரிந்த பெண்ணாகப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு பிறகு வாங்கலாம். நான் அப்படித்தான் தப்பித்தேன்.

அறுபதுகளின் நடுவில் பம்பாய் மாட்டுங்காவில் ஒற்றை அறைக் குடித்தனம் எங்களுக்கு. கர்ஜத் பக்கம் உல்லாஸ் நதிக்கரையில் ஒரு துண்டு நிலம் விலைக்கு வந்ததும், கையிலிருந்ததையெல்லாம் போட்டு வாங்கிவிட்டேன். சின்னதாக ஓட்டு வீடு கட்டி, பம்பாய்க்காரர்கள் வந்து தங்கும் இடமாக ஆக்குவது திட்டம். எங்களுக்குப் பம்பாயே பரதேசம். கர்ஜத் அதற்கும் அப்பால் இன்னொரு பரதேசம். தமிழ் பேச அங்கே நாங்கள் இரண்டே பேர். அதில் ஒருவன் காலை வண்டியில் ஆபீசுக்குப் போய்விடுவான்.

மற்றவள் என் மனைவி விசாலம். அம்பாசமுத்திரத்துக்காரி. எருமை வளர்க்கும் பக்கத்து வீட்டுச் சகுபாயிடம் மோர்க்குழம்பைக் கொடுத்து மராத்தியை வாங்கிக்கொண்டாள். ஓடு மாற்றினாள், கிணற்றில் தூர் எடுக்க ஆள் பிடித்தாள், சமையலறையில் வந்த பாம்பை முறத்தால் வழியனுப்பினாள். (நான் அப்போது கட்டில் மேல் நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன்.) இத்தனையையும் பார்த்து எனக்கும் ஏதாவது கட்ட வேண்டும் என்று கை அரித்தது.

குர்லா பழைய இரும்புக் கடையில் காலி எண்ணெய்ப் பீப்பாய்கள் வாங்கி வந்து, மேலே மூங்கில் பரப்பி, ஆற்றில் மிதக்கும் மேடை ஒன்று செய்தேன். கரையில் ஒரு முளை அடித்துக் கயிற்றால் கட்டினேன்.

விசாலம் முளையை ஆட்டிப் பார்த்தாள். "ஏன்னா, இது ஆடறதே. இன்னும் ஆழமா அடிக்க வேண்டாமோ?"

"கணக்குப் போட்டுத்தான் அடிச்சிருக்கேன்" என்றேன். நான் ஆபீசில் கணக்கு குமாஸ்தா. அதனால் அப்படிச் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மானேஜர் சேஷாத்ரி வந்தார். ஊழியர்களின் விடுமுறைக்கு எங்கள் வீட்டைக் கம்பெனி வாடகைக்கு எடுக்கலாமா என்று பார்க்க வந்திருந்தார். சரி என்றால் நாங்கள் பிழைத்தோம். இல்லையென்றால் நிலத்தை விற்றுவிட்டு மறுபடி மாட்டுங்கா ஒற்றை அறை.

மேடையில் நாற்காலி, மேஜை, இலை. சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, "நன்னா இருக்கு" என்றார். ரசம் எடுத்து வர நான் கரையேறினேன். ரசப் பாத்திரத்தோடு திரும்பும்போது, சகுபாயின் எருமை முளையில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. என் கண்ணெதிரே முளை பிடுங்கிக்கொண்டு தண்ணீரில் விழுந்தது. மேடை நகர ஆரம்பித்தது.

மானேஜர் முகம் மலர்ந்தது. "பேஷ். ஓடமாவும் ஏற்பாடு பண்ணியிருக்கேளா?"

"ஆமாம் சார்" என்றேன்.

"அப்படியே அந்த ரசத்தையும் கொண்டு வாங்கோ."

மழை நின்று கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஆறு முட்ட ஓடியது. கீழே வளைவுக்கு அப்பால் பாறைகள். நான் ரசத்தைச் சிந்தாமல் கரையோடு ஓடினேன். பாத்திரத்தைக் கீழே வைக்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை.

சத்தம் கேட்டு வெளியே வந்த விசாலம் ஒரு கணம்தான் பார்த்தாள். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீரில் பாய்ந்தாள். தாமிரபரணியில் வளர்ந்தவள் என்று தெரியும். இப்படி நீந்துவாள் என்று தெரியாது. குறுக்கே வெட்டிப் போய், மேடைக்குப் பின்னால் இழுபட்டு வந்த கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு கரைப் பக்கம் திரும்பினாள். கால் தரையில் பட்டதும் கயிற்றைக் கையில் எடுத்து, "சகுபாய், தோர் தரா" என்று கத்தினாள். கயிற்றைப் பிடி என்று அர்த்தம். எருமையை ஓட்டிக்கொண்டு கரையோடு வந்திருந்த சகுபாய் அதை வாங்கி எருமையின் கழுத்தில் மாட்டி இழுக்கவிட்டாள். பாறைக்குக் கொஞ்சம் மேலே மேடை கரையில் வந்து முட்டியது.

மானேஜர் இறங்கினார். பாறைகளைப் பார்த்தார். சொட்டச் சொட்ட நின்ற விசாலத்தைப் பார்த்தார். கடைசியில் என்னையும் ரசத்தையும் பார்த்தார்.

"ஓடம் இல்லையா இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் விசாலம் சொல்லிவிட்டாள். "இல்லை சார். இவர் கட்டின மேடை. அவுந்துடுத்து. தப்பு எங்க பேர்லதான்."

என் பேரில் என்று சொல்லியிருக்கலாம். 'எங்க' என்றாள்.

மானேஜர் ரசத்தை டம்ளரில் வாங்கி, கரையிலேயே நின்று குடித்தார். பிறகு விசாலத்திடம், "வீட்டை எடுத்துக்கறோம்மா. ஆனா இங்க ஒரு ஆணி அடிக்கறதா இருந்தாலும் நீங்கதான் அடிக்கணும்" என்றார்.

அப்படியே நடந்தது. அந்த வருஷமே அவள் கல்லில் படித்துறை கட்டினாள். இன்றுவரை ஒரு கல் அசையவில்லை. எனக்கு வாய்த்தது வேறு. வீட்டு விசேஷம் எதிலாவது நான் வாய் தவறி, "எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு" என்று சொல்லிவிட்டால், சம்பந்தி வீட்டார் உட்பட எல்லாரும் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.