யூகாலிப்பட்டிக்கு எந்த பஸ்

"யூகாலிப்பட்டியில எவ இருக்கறா, அதை மட்டும் சொல்லுங்க."

தீர்த்தம்மாளின் குரல் தெருக்கோடி வரை எட்டியது. நமக்கெதற்கு வம்பு என்று எதிர்வீட்டில் சன்னலை முக்கால்வாசி மட்டும் மூடினார்கள்.

அறுபத்தெட்டாம் வருஷம். அவள் புருஷன் கோவிந்தனுக்குப் புளி வியாபாரம். செவ்வாய்தோறும் அரூர் போய், ராத்தங்கி வருவார். துவைக்க எடுத்த சட்டைப்பையில் ஒரு சீட்டு கிடந்தது: 'செவ்வாய்க்கிழமை வரும்போது யூகாலிப்பட்டி மறக்க வேண்டாம்.' பாப்பாரப்பட்டி, பாப்பிரெட்டிப்பட்டி என்று எங்கு பார்த்தாலும் பட்டியாக இருக்கிற தர்மபுரியில் அவள் வேறெப்படி நினைப்பாள்?

"அது ஊரு இல்ல, தைலம். சளிக்குத் தேய்க்கறது. அரூரு மண்டிக்காரரு கேட்டாரு," என்றார் கோவிந்தன்.

அவள் நம்பவில்லை. நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் விசாரித்தாள். தெரியாது என்று சொல்ல மனம் வராத ஒரு கண்டக்டர், அரூர் தாண்டி இறங்கி நடக்கணும் என்றார். போதாதா? இண்டூரிலிருந்து தம்பி பச்சியப்பனை வரவழைத்து, கட்டுச்சோற்றோடு பஸ் ஏற்றிவிட்டாள்.

கோவிந்தன் பதறிப்போய் ஒரு புட்டி தைலம் வாங்கிவந்து நீட்டினார். தீர்த்தம்மாள் லேபிளை எழுத்துக் கூட்டிப் படித்தாள். நீலகிரித் தைலம்.

"பட்டி பத்தாதுன்னு நீலகிரியிலயும் ஒருத்தியா?"

கடைசியில் மருந்துக்கடை அக்பர் அலியைச் சாட்சிக்குக் கூட்டிவந்தார். பாய்க்குச் சுருக்கமாகப் பேசி வழக்கமில்லை. "இது யூகலிப்டஸ் தைலம். இந்த மரத்துக்குச் சொந்த ஊரு ஆஸ்திரேலியாம்மா. வெள்ளைக்காரன் கொண்டாந்து ஊட்டியில நட்டான்..."

தீர்த்தம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "கப்பலும் ஏறிட்டாரா?"

பேச்சு எடுபடாது என்று பாய்க்குப் புரிந்தது. கொதிக்கிற வெந்நீரில் நாலு சொட்டு விட்டு, போர்வையைப் போர்த்தி அவளை ஆவி பிடிக்கச் சொன்னார். மூன்று நாள் அழுது அடைத்திருந்த மூக்கு படாரெனத் திறந்தது. இலையை வேகவைத்து எடுக்கிற எண்ணெய் இது, மூட்டுவலிக்கும் தலைவலிக்கும்கூடத் தேய்க்கலாம் என்று பாய் சொன்னதையெல்லாம் போர்வைக்குள்ளிருந்தே ஒப்புக்கொண்டாள்.

அன்றைக்குக் கோழிக்குழம்பு. கால் துண்டு இரண்டும் கோவிந்தனுக்கே. எதிர்வீட்டில் ஏமாற்றத்தோடு சன்னலை முழுசாகச் சாத்தினார்கள்.

மறுநாள் பச்சியப்பன் வந்து இறங்கினான். அவனை ஊர் தேட அனுப்பியதையே எல்லாரும் மறந்திருந்தார்கள். சன்னல் மறுபடி திறந்தது.

"என்ன மாப்ள, யூகாலிப்பட்டி கிடைச்சுதா?" கோவிந்தன் கோழிக்கால் தெம்பில் சிரித்தார்.

பச்சியப்பன் அக்காவைப் பார்த்தான்.

"அப்படி ஒரு ஊரே இல்லக்கா. அரூருல ஒரு அம்மாதான், 'அது ஊரு இல்லீங்க, தைலம், எங்க வூட்டுக்காரரு செவ்வாக்கெழம கொண்டாருவாரு'ன்னு வூட்டுக்குள்ள கூப்புட்டு தண்ணி குடுத்தாங்க. அங்க சுவத்துல மாமா போட்டோ மாட்டியிருக்குது."

தீர்த்தம்மாள் அந்த வாரமே இண்டூருக்குக் குடிபோய்விட்டாள், தைலப் புட்டியையும் எடுத்துக்கொண்டு. அரூர்க்காரிக்குச் சளி தீர்ந்ததா என்பதுதான் தெருவுக்கு இன்னும் தெரியவில்லை.