சேவல் சோடாவின் வாரிசு

சேவல் சோடாவின் வரலாற்றை எழுதியே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவு செய்தேன். வீட்டில் அறிவித்தேன். யாரும் கைதட்டவில்லை. என் மனைவி மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

"எழுதுங்க. அதுக்கு எந்த ரூமைக் கெடுக்கப் போறீங்க?"

"பின்னறையை."

"அங்க என் தையல் மெஷினைப் போடணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! சமையலறை வாசல்ல உட்கார்ந்து தைக்கிறேன். போறவங்க வர்றவங்க எல்லாம் என் காலை மிதிக்கிறாங்க."

"வரலாறு முக்கியமா, தையல் முக்கியமா?"

"பித்தான் அறுந்த சட்டையோட ஆபீஸ் போற அன்னைக்குச் சொல்லுங்க, எது முக்கியம்னு."

சேவல் சோடா இப்போது கிடையாது. கம்பெனி மூடி வெகுகாலம் ஆகிறது. பாட்டில்கள் மட்டும் எங்கள் ஊரில் ஆங்காங்கே உயிரோடு இருக்கின்றன. நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் ஒரு சேவல், கண்ணாடியிலேயே புடைப்பாக. அதை ஆரம்பித்தவர் பூட்டுக் கடை வைத்திருந்த என் தாத்தா. இது எங்கள் வீட்டு நம்பிக்கை. அவர் காலப் பாட்டில்களின் அடியில் கடை அடையாளமாக ஒரு சாவி புடைத்திருக்கும்.

ஊர் நூலகத்தில் பழைய தொழில்களுக்கென்று ஒரு கண்ணாடி அலமாரி வைக்கிறார்கள். "ஆதாரத்தைக் காட்டுங்க. ஆரம்பிச்சவர்னு தாத்தா பேரு, கொடுத்தவர்னு உங்க பேரு, ரெண்டையும் அட்டையில அச்சடிச்சு வைக்கிறேன்" என்றார் நூலகர். என் பெயர் இதுவரை அச்சில் வந்தது மின்சார ரசீதில் மட்டும்தான். அதிலும் பிழையோடு. எனவே கிளம்பினேன்.

காயலான் கடையில் தேடினேன். முடிதிருத்தும் கடையில் தண்ணீர் தெளிக்க வைத்திருந்ததைக் கெஞ்சி வாங்கினேன். பக்கத்து வீட்டு அக்கா ஒன்றில் மணி பிளான்ட் வளர்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்தப் பாட்டில் எங்களோடது."

"இதென்ன கூத்து! என் மாமியார் காலத்துலேர்ந்து இந்த ஜன்னல்லதானே இருக்கு?"

"திருப்பிப் பாருங்க. என்ன எழுதியிருக்கு?"

அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுத்துக்கூட்டினார். 'இந்தப் பாட்டில் கம்பெனியின் சொத்து. விற்கக் கூடாது. காலியானதும் திருப்பித் தரவும்.'

"கம்பெனிதான் மூடிட்டாங்களே தம்பி?"

"கம்பெனி மூடினா என்ன? வாரிசு நான் இருக்கேனே. ஆரம்பிச்சவர் குடும்பத்துக்குத்தான் பாட்டில் சொந்தம். குடிச்சு முடிச்சா திருப்பித் தரணும்."

"யாரோ குடிச்சாங்க, எனக்கு ஏப்பமா?" என்று புலம்பிக்கொண்டே அக்கா செடியை ஒரு டம்ளருக்கு மாற்றினார்.

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் மனைவி இதையெல்லாம் கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் திட்டினால் நான் பயப்பட வேண்டியதில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால்தான் பயப்பட வேண்டும். இத்தனை வருஷக் குடித்தனத்தில் இதைக்கூட நான் கற்றுக்கொள்ளவில்லை.

இந்த வாதத்தை வைத்தே தெரு முழுவதும் வசூலித்தேன். பின்னறை நிரம்பியது. மாடிப்படியும் நிரம்பியது. ராத்திரி லாரி போனால் பாட்டில்கள் எல்லாம் ஒன்றோடொன்று பேசும். நான் எழுந்து விளக்கைப் போட்டு எண்ணிப் பார்ப்பேன். பூனை நுழைந்தால்? காற்று அடித்தால்? பல்லி விழுந்தால்? எல்லாவற்றையும் நானே கழுவினேன், நானே துடைத்தேன். வேறு யாரையும் தொட விடவில்லை.

வரிசைப்படுத்தவும் செய்தேன். நூலகத்துப் புத்தகம் ஒன்றில் வழி இருந்தது. கண்ணாடியை அச்சில் வார்க்கும்போது பக்கவாட்டில் ஒரு கோடு விழும். புது பாட்டிலில் அந்தக் கோடு வாய் விளிம்பைத் தாண்டி ஏறியிருக்கும். பழைய பாட்டிலில் வாயைக் கையால் செய்தார்கள். அதனால் கோடு கீழேயே நின்றுவிடும். எவ்வளவு கீழே நிற்கிறதோ அவ்வளவு பழசு. சாவி போட்ட பாட்டில்களில் கோடு வாய்க்குச் சற்றுக் கீழே நின்றது. சாவி இல்லாதவற்றில் எல்லாம் விளிம்பைத் தாண்டி ஏறியது. தாத்தாவே முதல்! நான் துள்ளிக் குதிக்கவில்லை. சுற்றிலும் பாட்டில்.

நூலகர் வீட்டுக்கு வந்தார். கோட்டைத் தடவிக் காட்டினேன். சாவியைக் காட்டினேன். அவர் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அப்போது என் மனைவி டீயோடு வந்து, போகாமல் நின்றாள்.

"ஏங்க, எனக்கு ஒரு சந்தேகம். கோடு இன்னும் கீழ, பாட்டிலோட தோள்லயே நின்னுட்டா?"

"அது இன்னும் பழசு" என்றேன். அவளுக்கு வரலாற்றில் ஆர்வம் வந்ததில் எனக்குச் சந்தோஷம்.

"நிச்சயமா?"

"நிச்சயமா. இதுல வாதத்துக்கே இடமில்லை. சார் முன்னாடியே சொல்றேன்."

"அப்போ அந்தப் பாட்டில்ல யார் அடையாளம் இருக்கோ, அவர்தான் ஆரம்பிச்சவர்?"

"வேற யாரு?"

"பாட்டில் எல்லாம் ஆரம்பிச்சவர் குடும்பத்துக்குச் சொந்தம்னு பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொன்னீங்களே. அது?"

"அதுவும்தான். கண்ணாடியிலேயே எழுதியிருக்கே!"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது மழைக்காலத்தில்தான் கத்தும்.

அவள் உள்ளே போய் ஒரு பாட்டிலோடு வந்தாள். அதே சேவல். அதே வாசகம். கோடு தோளிலேயே நின்றுவிட்டது. அடியில் சாவி இல்லை. ஒரு கத்திரிக்கோல் இருந்தது. அதில் ஒரு கால் கொஞ்சம் வளைந்திருந்தது.

அந்த வளைந்த கத்திரிக்கோல் எனக்குத் தெரியும். என் மாமனாரின் தையல் கடைப் பலகையில் இன்றைக்கும் இருக்கிறது. அவருடைய அப்பா வரைந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுத்தேன்.

"போன வாரம் அம்மா வீட்டுக்குப் போனேன்ல? பரண்ல இருந்துச்சு" என்றாள். "எங்க தாத்தாதான் ஆரம்பிச்சார். அப்புறம் சோடாவை விட்டுட்டுத் தையலோட நின்னுட்டார். கம்பெனியை ஒரு பூட்டுக் கடைக்காரருக்குக் கொடுத்தாராம்."

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"நீங்கதான் ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தீங்களே. நடுவுல பேசலாமா?"

"தையல்காரருக்கு எதுக்குச் சோடா?" கடைசியாக ஒரு முயற்சி.

"பூட்டுக் கடைக்காரருக்கு எதுக்கு?"

நூலகர் கோட்டை மூன்று முறை தடவினார். பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சார், நீங்க சொன்ன கணக்குப்படி..." என்று இழுத்தார். மீதியை நானே முடித்துக்கொண்டேன்.

"எல்லாம் காலி பாட்டில்தானே?" என்றாள் என் மனைவி. "திருப்பிக் கொடுத்துடுங்க."

அன்று சாயங்காலமே அவ்வளவும் அவள் பேரில் நூலகத்துக்குப் போயின. சுமந்தது நான். பக்கத்து வீட்டு அக்காவுக்கு மட்டும் ஒன்றை என் மனைவி தன் கையால் கொடுத்தாள். 'வாரிசுன்னா இப்படி இருக்கணும்' என்று அக்கா எனக்குக் கேட்கும்படி சொன்னார். பின்னறையில் இப்போது தையல் மெஷின் ஓடுகிறது.

அலமாரியைத் திறந்த நாளன்று போய்ப் பார்த்தேன். அட்டை அழகாக அச்சாகியிருந்தது. ஆரம்பித்தவர், அவளுடைய தாத்தா. கொடுத்தவர், அவள். என்னை அப்படியே விட்டுவிட மனமில்லாமல் நூலகர் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "பாட்டில் கழுவியது: கொடுத்தவரின் கணவர்."