விக்டரின் வலது முழங்கால்

வாசகரே, இன்று உங்களுக்கு நான் அறிமுகப்படுத்தும் ஜீவராசிக்குப் பெயர் ‘மாஜி ஆட்டக்காரர்’. ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். தூத்துக்குடியில் கொஞ்சம் கூடுதல். இங்கே கம்பெனிக்குக் கம்பெனி ஒரு கூடைப்பந்து அணி வைத்துக்கொண்டு, உயரமாக ஒருவன் கண்ணில் பட்டால் போதும், என்ன படித்திருக்கிறான் என்றுகூடக் கேட்காமல் குமாஸ்தா உத்தியோகம் கொடுத்துவிடுவார்கள். பத்து மணிக்குக் கையெழுத்து, பத்தே காலுக்கு மைதானம். வேலை என்ன என்கிறீர்களா? பந்து போடுவதுதான் வேலை.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். வாசல் எவ்வளவு உயரமாக இருந்தாலும் குனிந்துதான் நுழையும். சந்தையில் பூசணிக்காய் வாங்கப் போனால் முதலில் உள்ளங்கையில் வைத்துச் சுழற்றிப் பார்க்கும், பிறகுதான் விலை கேட்கும். கசக்கிய காகிதத்தை நடந்துபோய்க் குப்பைக்கூடையில் போடாது. பத்தடி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எறியும். விழவில்லையா? ஃபேன் காற்று. யாராவது ‘சௌக்கியமா?’ என்று கேட்டுத் தொலைத்தால், கால்சட்டையைச் சுருட்டி முழங்காலைக் காட்டி, அறுபத்து மூன்றில் நடந்த ஃபைனலைத் தொடங்கிவிடும். அந்த ஃபைனலில் அது எடுத்த புள்ளிகள் அறுபத்தெட்டில் சொன்னபோது பதினெட்டாக இருந்தன, எழுபதில் இருபத்தாறு, எழுபத்து நாலில் நாற்பத்தொன்று. ஆட்டம் முடிந்த பிறகும் புள்ளி ஏறுகிற விளையாட்டு வேறெங்காவது உண்டா?

நானறிந்தவர் விக்டர். மணப்பாட்டுக்காரர். நான் வேலை பார்த்த கப்பல் ஏஜென்சியில் ரெக்கார்டு கிளார்க். வலது முழங்கால் விட்டுப்போய் ஆறு வருஷம் ஆகியும் அணிப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது; பட்டியலில் பெயர் இருந்தவரை நாற்காலியும் இருந்தது. அதில் உட்கார்ந்து அவர் செய்த ஒரே அலுவல், மேல்தட்டு ஃபைலை ஸ்டூல் இல்லாமல் எடுத்துக் கொடுப்பது. எந்த ஃபைல் என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

எழுபத்தைந்தில் ஆவுடையப்பன் என்று ஒரு புது மேனேஜர் வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? ஆட்டக்காரர் என்றால் ஆட வேண்டும், இல்லையென்றால் துறைமுகத்தில் வெயிலில் நின்று மூட்டை எண்ண வேண்டும் என்று உத்தரவு போட்டார். விக்டர் பதறிப்போய், ஒரே டாக்டரிடம் ஒரே நாளில் இரண்டு சர்டிபிகேட் வாங்கினார். முழங்கால் பூரண நலம், தாராளமாக ஆடலாம் என்று ஒன்று. பட்டியலில் நீடிக்க அது வேண்டும். முழங்கால் படு மோசம், நிற்கவே கூடாது என்று இன்னொன்று. மூட்டை எண்ணாமல் தப்ப அது வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் ஒரே குண்டூசியில் குத்தி மேனேஜரிடம் நீட்டிவிட்டார்.

“ஏன்வே, உம்ம முட்டு நல்லாருக்கா, இல்லியா?” என்றார் மேனேஜர்.

“ஆடுததுக்கு நல்லாருக்கு சார். நிக்கதுக்குத்தான் ஆகாது.”

“அப்ப சனிக்கிழமை மேட்ச்ல ஆடும். பாப்போம்.”

வெள்ளிக்கிழமை விக்டர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி ஆக்னஸ் முழங்காலுக்குத் துணிக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“மூட்டை எண்ணுனா என்ன கொறஞ்சா போவீங்க? நெழல்ல ஒரு ஸ்டூலு கேட்டா குடுக்க மாட்டாவளா?”

“எண்ணலாம் ஏளா. ரிஜிஸ்டர்ல பிளேயர்னு எழுதிருக்கத அடிச்சிருவானுவளே. அதுக்குப் பெறகு நான் யாரு?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாவமாக இருந்தது.

சனிக்கிழமை, கடைசிப் பத்து நிமிடத்துக்கு விக்டரை இறக்கினார்கள். கூட்டம் கைதட்டியது. மனிதர் உண்மையாகவே ஓடினார்! ஓடிப்போய் எதிரணிக் கூடைக்கு அடியில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். நின்றது நின்றதுதான். முழங்கால் பூட்டிக்கொண்டது. கூடைப்பந்தில் ஒரு விதி: பந்து நம் அணியிடம் இருக்கும்போது எதிரணிக் கூடைக்கடியில் மூன்று செகண்டுக்கு மேல் நிற்கக் கூடாது. ரெஃப்ரி விசில் ஊதிப் பந்தை எதிரணிக்குக் கொடுத்தார். பந்து எங்களிடம் திரும்பி வந்தது, மறுபடி விசில். இப்படி எட்டு முறை. வலிக்கிறதா என்று ரெஃப்ரி கேட்டதற்கு, அதெல்லாம் இல்லை என்று விக்டர் தலையாட்டிவிட்டார்.

“தள்ளிப் போம்வே!” என்று மேனேஜர் கத்தினார்.

“பாஸ் குடுங்கலே!” என்று விக்டர் பதிலுக்குக் கத்தினார்.

கடைசியில் ஆட்டத்தை நிறுத்தி, கம்பெனி லோடுமேன்கள் நாலு பேர் அவரை நின்ற வாக்கிலேயே தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்கிய கைகளை அவர் அப்போதும் இறக்கவில்லை.

திங்கட்கிழமை ரிஜிஸ்டரில் ‘பிளேயர்’ அடிபட்டது. விக்டர் துறைமுகத்துக்குப் போனார். மனிதர் நொறுங்கிப்போயிருப்பாரே, என்ன ஆறுதல் சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஒரு மாதம் கழித்து அங்கே போனேன். மூட்டைகள் எண்ணுவாரில்லாமல் போய்க்கொண்டிருந்தன. ஸ்டூலில் விக்டர், சுற்றிலும் ஒரு கூட்டம்.

“அஞ்சு பேரு சேந்து இடிக்கானுவ, என்னைய ஒரு இஞ்சு அசைக்க முடியலல்லா! பெறகு ஆட்டத்தையே நிறுத்தி, எட்டு பேரு வந்துல்லாலே தூக்குனானுவ!”

அவரைத் தூக்கிய நால்வரில் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அவரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால், பள்ளிக்கூடத்தில் நீங்கள் முதல் பரிசு வாங்கிய கதையைப் போன வாரம் எடுத்தீர்களே, அப்போது உங்கள் நண்பர் மழை வரும்போலிருக்கிறது என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாரே, தூத்துக்குடியில், மே மாதத்தில்?