பாட்டில் குலுக்கிகள்

பெட்ரோல் பங்குக்கு வருகிறவர்களில் இரண்டு இனம் உண்டு. போட்டுக்கொண்டு போகிறவர்கள் ஓர் இனம். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. போட்டதைத் திரும்ப எடுத்துக் குலுக்கிப் பார்க்கிறவர்கள் இன்னோர் இனம். பாட்டில் குலுக்கிகள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தெருவில் நிச்சயம் ஒருவர் இருப்பார்.

குன்னத்துச் சாமிதுரை இந்த இனத்தில் முதல் தரம். வெங்காயமும் மக்காச்சோளமும் ஏற்றுகிற சின்ன பெட்ரோல் பிக்கப் ஒன்று வைத்திருக்கிறார். பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள் என்று போனில் ஒரு வீடியோ பார்த்த நாள் முதல், பங்கில் போட்டு முடித்ததும் வண்டியை ஓரங்கட்டி, டேங்க்கில் டியூபை விட்டு உறிஞ்சி, பாதி தண்ணீர் நிரப்பிய இருமல் மருந்து பாட்டிலில் பிடித்து, மூடி, குலுக்கி, வெயிலுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். அடியிலே நிற்கிற தண்ணீர்க்கோடு கொஞ்சம் மேலே ஏறும். “பாத்தியா, ஏறிடுச்சு” என்பார். இருபது சதவீதம் கலந்தது என்று பங்கிலேயே எழுதி ஒட்டியிருக்கிறதே என்கிறீர்களா? எழுதி ஒட்டியதைப் படித்துத் தெரிந்துகொள்வதில் என்ன பெருமை இருக்கிறது?

பிக்கப் இருமினால் எத்தனால். மைலேஜ் குறைந்தால் எத்தனால். வைப்பர் ஓடாவிட்டாலும் எத்தனால்தான். போன பருவத்தில் இவர் விளைவித்த மக்காச்சோளம் எத்தனால் ஆலைக்குத்தான் போனது. அதில் மட்டும் சதி ஏதும் இல்லை. அது உழவனின் வெற்றி.

சென்ற ஆவணியில் இவருடைய ஒரே தங்கை வேணியின் மகளுக்கு ஜெயங்கொண்டத்தில் காதுகுத்து. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும், பத்தரைக்குள் முகூர்த்தம். வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும், அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள மனுஷர் ஒன்பது வருஷம் ஏங்கியிருந்தார். சீர்த்தட்டுகளைப் பின்னால் ஏற்றி, மனைவி கலையரசியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் புறப்பட்டார்.

அரியலூரில் பெட்ரோல் போட்டார். இவ்வளவு முக்கியமான பயணத்துக்கு இருமல் மருந்து பாட்டில் போதுமா? தண்ணீர் கேனையே எடுத்தார். ஒவ்வொரு தடவையும் பாதி தண்ணீர் பிடித்து, மூன்று தடவை சோதித்தார். மூன்று தடவையும் கோடு ஏறியது. மனதுக்குத் திருப்தியாக இருந்தது.

நாலு கிலோமீட்டர் போனதும் வண்டி இரண்டு குலுங்கு குலுங்கி நின்றது. சுண்ணாம்புக்கல் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. வேடிக்கை பார்க்க நாலு பேர் நின்றார்கள். நாலு பேர் போதாதா? எத்தனாலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

“ஏங்க, மெக்கானிக்குக்குப் போன் போட்டீங்களா?” என்றாள் கலையரசி.

“இவங்களுக்கு வெவரம் தெரிய வேணாமா?”

மெக்கானிக்கை அவளே கூப்பிட்டாள். இதற்குள் வேணியிடமிருந்து மூன்று போன். “அண்ணே, ஆசாரி ஊசியோட உக்காந்துருக்காரு. நீ எங்க இருக்க?” அந்தக் குரலைக் கேட்டதும் சாமிதுரைக்கு எத்தனால் மறந்துபோனது. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்தார்.

மெக்கானிக் அறிவரசன் வந்தான். டேங்க்கின் அடியிலிருந்து கொஞ்சம் வடித்துப் பார்த்தான். “அண்ணே, அடியில பூரா தண்ணி நிக்குது.”

சாமிதுரை துள்ளி எழுந்தார். “நான் சொல்லல? பங்குக்காரன் தண்ணியக் கலந்துட்டான்.”

கலையரசி நிதானமாகக் கேட்டாள். “ஏங்க, சோதிச்சுப் பாத்தீங்களே, அத எங்க ஊத்துனீங்க?”

“டேங்க்லதான். காசு குடுத்து வாங்குனத கீழயா ஊத்துவாங்க?”

“தண்ணியோடயா?”

வேடிக்கை பார்த்த நாலு பேரும் இப்போதுதான் உண்மையாகவே வேடிக்கை பார்த்தார்கள். அறிவரசன் துணியால் வாயைத் துடைப்பதுபோல் சிரிப்பை மறைத்தான். “இத்தன நாளு ஊத்துன கொஞ்சத் தண்ணிய எத்தனால்தான்ணே தனக்குள்ள வாங்கி, எரிய விட்டு, ஒங்களக் காப்பாத்தியிருக்கு. இன்னிக்கு அதுக்கும் தாங்கல.”

அறிவரசன் டேங்க்கை வடித்துக் காயவைத்து, தன் பைக்கில் போய்ப் பெட்ரோல் வாங்கி வந்து ஊற்றினான். ஜெயங்கொண்டம் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து இருபத்தெட்டு. சட்டையில் கிரீஸ் கறையோடு மணையில் உட்கார்ந்தார். குழந்தை வீறிட்டு அழுதது, மாமனும் அழுதார். ஊசி குத்தியது குழந்தைக்குத்தானே என்று யாரும் கேட்கவில்லை.

பந்தியில் தங்கை வீட்டுக்காரர் செந்தில்குமார், “ஏன் மச்சான் இவ்வளவு லேட்டு?” என்று கேட்டார்.

சாமிதுரை அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்: “எல்லாம் இந்த எத்தனால்தான் மாப்ள.”

எதிர்ப்பந்தியில் கலையரசி சாம்பார் வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான்.

நீங்கள் அந்த இனம் இல்லை என்கிறீர்கள். சந்தோஷம். வண்டியே கிடையாது என்கிறீர்கள். அதுவும் சரி. ஆனால் பால்காரர் மீதோ பங்குக்காரர் மீதோ பக்கத்து வீட்டுக்காரர் மீதோ கடைசியாக எப்போது சந்தேகப்பட்டுச் சோதித்துப் பார்த்தீர்களோ, அந்த மிச்சத்தை எங்கே ஊற்றினீர்கள் என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர்களுக்குத் தெரியும்.